ஓஸ்டர்முண்டிகனில் கன்சாஸ் தூசி

அத்தியாயம் 7

அழுகிற தாயிடம் கேள்வி கேட்பதைப்போல வெறுப்பான வேலை உலகத்தில் இல்லை. அவள் சொல்வதை ஒரு சொல் பிசகாமல் ஜேர்மன் மொழியில் பொலிசுக்குச் சொல்லவும் வேண்டுமென்றால், இடையில் நிற்கிறவளுக்குப் பாதி உயிர் போய்விடும். பெர்னடெற்றுக்கு அன்று பின்னேரத்துக்கு முன்னமே அந்தப் பாதி போயிருந்தது.

பேர்ண் நகரத்தில் அவளுக்கு மொழிபெயர்ப்பு வேலை. பொலிஸ் கூப்பிட்டாலும் போவாள், அகதி அலுவலகம் கூப்பிட்டாலும் போவாள். முன்னர் கொழும்பில் ஒரு வழக்கறிஞரிடம், காணாமல் போகிறவர்களைத் தேடிப் பிடிக்கிற உத்தியோகம் பார்த்தவள். அந்தப் பழக்கம் விட்டால்தானே. 1985ஆம் ஆண்டு வசந்தத்தில் பேர்ண் பக்கத்துத் தமிழ்ச்சனம் எதைத் தொலைத்தாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டியது. ஆனால் இந்தமுறை தொலைந்திருப்பது ஒரு குழந்தை. பெயர் மைதிலி. தவழத் தொடங்கி அதிக நாளாகவில்லை. நெஞ்சில் சளி வேறு.

இடம், ஓஸ்டர்முண்டிகனில் ஒரு மாடிக் குடியிருப்பு. ஃப்ராவ் ஏபி என்கிற எண்பது தாண்டிய சுவிஸ் கிழவியின் வீடு. சிவமலர் வாராவாரம் அங்கே துப்புரவாக்க வருவாள். பிள்ளையைப் பார்க்க வேறு ஆளில்லாததால் மைதிலியையும் தூக்கிக்கொண்டு வருவாள். கிழவிக்கும் அதில் சந்தோசம். இன்றைக்கும் இருமல் மருந்தைக் கொடுத்து, கட்டிலில் நித்திரையாக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள். திரும்பி வந்து எட்டிப் பார்த்தால் கட்டிலில் பிள்ளை இல்லை.

யார்மீதாவது சந்தேகமா என்று பொலிஸ் கேட்டது. சிவமலர் தன் புருஷனின் பெயரைச் சொன்னாள். தவச்செல்வன் அவளோடு கோபித்துக்கொண்டு எல்லையோர நகரமான பாசலுக்குப் போய் ஒரு ரெஸ்ரோரண்டில் வேலை செய்கிறான். போன கிழமை ரெலிபோனில், ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று கத்தியிருக்கிறான். பெர்னடெற் அதையும் அப்படியே மொழிபெயர்த்தாள். பாசல் ஸ்ரேசனில் அவனைப் பிடித்துவிட்டதாக இப்போது செய்தி வந்திருக்கிறது. கையில் பிள்ளை இல்லை. பையில் மட்டும் புதிதாக வாங்கிய ஒரு குழந்தைத் தொப்பி. பிள்ளையை வேறு யாரிடமோ கொடுத்து எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டான் என்று முடிவுகட்டி, தேடுகிறவர்கள் எல்லோரும் பாசல் பக்கம் திரும்பிவிட்டார்கள். இந்த வீட்டுக்குக் காவலாக ஓர் இளம் பொலிஸ்காரன் மாத்திரம் மிஞ்சியிருந்தான்.

பெர்னடெற்றின் உதவியாளன் பேர்சி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். மன்னார்ப் பெடியன். ஹோட்டலில் கோப்பை கழுவிய நேரம் போக அவளுக்குக் கார் ஓட்டுவான். கைக்கும் காலுக்கும் ஓய்வு கொடுப்பான், வாய்க்குக் கொடுக்கமாட்டான்.

"அக்கா, பிள்ளை கடத்துறவன் கடத்தி முடிச்சபிறகோ தொப்பி வாங்குவான்?" என்றான்.

"அதைத்தான் நானும் யோசிக்கிறன். எழும்பி வா, வீட்டை இன்னொருக்கால் பாப்பம்."

"பொலிஸ் பாத்திட்டுதே."

"பொலிஸ் பிள்ளையைத் தேடினது. நாங்கள் வேறையேதும் தேடுவம்."

இப்படிச் சொன்னாளே ஒழிய, என்னத்தைத் தேடுவது என்று அவளுக்கே தெரியாது. அது பேர்சிக்கும் தெரியும்.

குசினிக்குள் போனார்கள். ஜன்னலுக்கு வெளியே வானம் மஞ்சளாகக் கிடந்தது. தெற்கிலிருந்து மலையேறி வருகிற சூட்டுக்காற்று சில வருடங்களில் சகாராப் பாலைவனத்து மண்ணையும் அள்ளிக்கொண்டு வந்து சுவிஸ்காரரின் பளிங்கு ஜன்னல்களில் கொட்டும். கூடவே நாலு துளி மழையும் பெய்தால் ஊர் முழுக்க மஞ்சள் சேறு. சுத்தத்தைக் கும்பிடுகிற சனத்துக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை.

"நேற்றுத்தான் கார் கழுவினனான். சகாராவுக்கு என்ரை விலாசத்தை ஆர் குடுத்தது?" என்று பேர்சி முறைப்பட்டான்.

பெர்னடெற் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பளபளவென்று எப்போதும் மினுங்குகிற வீட்டில் அந்த மேசையில் மட்டும் மெல்லிய மஞ்சள் தூசி படிந்திருந்தது. தூசியின் நடுவே தூசி படாத சில வட்டங்கள். கோப்பைகள் இருந்த இடங்கள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அலுமாரியைத் திறந்து ஒரு தேநீர்க் கோப்பையை எடுத்து ஒரு வட்டத்துக்குள் வைத்தாள். பொருந்தவில்லை. கோப்பையின் அடி சிறியது, வட்டம் பெரியது. மற்றக் கோப்பைகளை வைத்துப் பார்த்தாலும் அதே கதைதான்.

பிறகு கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். வாய் விளிம்பு வட்டத்தில் அச்சாகப் போய் உட்கார்ந்தது.

"தூசி விழேக்கை கோப்பையள் கவிண்டு கிடந்திருக்கு. ஆரோ வேணுமெண்டு கவிட்டிருக்கினம்" என்றாள்.

"எங்கட ஹோட்டலிலையும் கவிட்டுத்தான் வைப்பம் அக்கா. அதுக்காக எங்களை ஆரும் பிடிக்கேல்லை."

"கழுவினதைத் தட்டிலை கவிட்டு வைப்பாய். சாப்பாட்டு மேசையிலை, ஆளாளுக்கு முன்னாலை கவிட்டு வைப்பியோ?"

பேர்சி இன்னொரு கோப்பையை எடுத்து அடுத்த வட்டத்தில் கவிழ்த்தான். அதுவும் பொருந்தியது.

அடுத்ததாக அவள் கண் ஜன்னலுக்குப் போனது. மேல்சட்டத்தில் புது ஆணிகள் அறையப்பட்டிருந்தன. கீழே சுவர்க் கடதாசியில் ஈரம் வழிந்த கறை. சிவமலரைக் கூப்பிட்டாள். வீங்கிய கண்ணோடு அவள் வந்து நின்றாள். ஆணியைக் காட்டியதும் முகம் மாறியது. கொஞ்சநேரம் அதட்டியும் தடவியும் கேட்டபிறகுதான் வாய் திறந்தாள்.

காலையில் ஃப்ராவ் ஏபி என்னவோ அந்தரப்பட்டுக்கொண்டு திரிந்தாளாம். கட்டில் விரிப்புகளைத் தண்ணீரில் நனைத்து ஜன்னல்களில் ஆணி அடித்துக் கட்டினாளாம். வெக்கைக்காகச் செய்கிறாள் என்று சிவமலர் நினைத்தாள். ஊரில் சித்திரை வெயிலுக்குச் சாக்கை நனைத்துத் தொங்கவிடுவதில்லையா, அதுபோல. வெக்கை அவளுக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை வேறு.

"இண்டைக்கு இவவின்ரை வாஷ்டாக் இல்லை அக்கா. ஜன்னலிலை ஈரத்துணியைக் கீழ்வீட்டுக்காரி கண்டா முறைப்பாடு வைப்பா. நான் தோய்ச்சதெண்டு என்ரை தலையிலைதான் விழும். வேலையும் போயிடும். அதாலை எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு மேலை பரணுக்குப் போனனான். பிழிஞ்சு, நீவி, காயப்போட்டு வரச் சுணங்கிப்போச்சு. அதுக்குள்ளைதான் பிள்ளை..."

சுவிஸ் மாடிக் குடியிருப்பில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் துணி தோய்க்கவென்று ஒரு நாள் உண்டு. அடுத்தவன் நாளில் ஒரு கைலேஞ்சி தோய்த்தாலும் குற்றம்தான். விசா இல்லாமல் வந்ததைக்கூட மன்னிப்பார்கள், வாஷ்டாக் தவறியதை மன்னிக்கமாட்டார்கள் என்று வந்த முதல் கிழமையே எங்கள் சனத்துக்குச் சொல்லிக்கொடுத்து விடுவார்கள்.

இதை ஏன் பொலிசுக்குச் சொல்லவில்லை என்று பெர்னடெற் கேட்டாள்.

"தோய்க்கிறதைப்பற்றி அவை கேக்கேல்லையே. பொலிஸ் வருதெண்டவுடனை கோப்பையளையும் நிமித்திக் கழுவி அடுக்கிப்போட்டன். மேசை துடைக்கத்தான் நேரம் கிடைக்கேல்லை. வீடு அலங்கோலமாக் கிடந்தா எங்களைத்தானே குறைவாக் கதைப்பினம்."

பெர்னடெற்றுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். துடைத்தாள். பிள்ளை காணாமல் போன நேரத்திலும் பயம் இந்தப் பெண்ணை வீடு அடுக்க வைத்திருக்கிறது. அவளைப் பேசி என்ன பிரயோசனம். அவளை அப்படிப் பயப்படுத்தி வைத்தவர்களில் பெர்னடெற்றும் ஒருத்திதான். புதிதாக வருகிறவர்களுக்கு வாஷ்டாக் பாடம் எடுப்பதும் அவள் வேலை.

"அக்கா, இஞ்சை வாங்கோ. கலியாணப் படம் பாக்க வந்து பொருளாதாரப் பாடம் படிக்கிறன்" என்று பேர்சி நடைபாதையிலிருந்து கூப்பிட்டான்.

சுவரில் வரிசையாகப் பழைய படங்கள் மாட்டியிருந்தன. எல்லாம் அமெரிக்காவில் எடுத்தவை. அடியில் கன்சாஸ் என்று ஊர்ப்பெயர். முதல் படத்தில் இளம் ஃப்ராவ் ஏபி; காதளவுக்கு வெட்டிய தலைமயிர், முழங்கால் தெரிகிற சட்டை, பக்கத்தில் ஒரு ஃபோர்ட் கார். பேர்ணில் இருந்த அவளுடைய தாய் இந்தப் படத்தைப் பார்த்து மயங்கி விழுந்திருக்கவேண்டும். அடுத்ததில் புத்தம்புது உழவு யந்திரத்தின் மேல் புருஷன், பின்னால் வானம் தொடுமட்டும் கோதுமை.

"எங்கட ஊர் அமெரிக்கன் மா எல்லாம் இவையின்ரை தோட்டத்திலையிருந்துதான் வந்திருக்குப்போலை."

"அந்தக் காலத்திலை முதலாம் உலகச் சண்டை முடிஞ்ச கையோடை கோதுமைக்கு நல்ல விலை. புல்லுத்தரை எல்லாத்தையும் உழுது விதைச்சவை. கார், றேடியோ, ட்ராக்டர் எல்லாம் தவணைக்கு எடுக்கலாம். நாளைக்கு வரப்போற காசை இண்டைக்கே செலவழிக்கப் பழக்கின காலம்" என்று பெர்னடெற் சொன்னாள்.

மூன்றாவது படத்தில் அலுமாரி அளவு றேடியோவைச் சுற்றி அயலவர்கள். ஃப்ராவ் ஏபியின் மடியில் ஒரு கைக்குழந்தை. நான்காவதில் பூட்டிய வங்கிக் கதவுக்கு முன்னால் தொப்பி போட்ட ஆண்கள் கும்பலாக நிற்கிறார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஐந்தாவது படம் வெளிறிப் போயிருந்தது. ஒரு வீட்டின் ஜன்னல் உயரத்துக்கு மண் குவிந்திருக்கிறது. முற்றத்தில் சின்ன மேடு. அதில் நிலத்தோடு சரிவாகப் பதித்த ஒரு மரக்கதவு.

"இதென்ன, கல்லறையோ?" என்றான் பேர்சி.

பெர்னடெற் கடைசிப் படத்துக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். ஒரு குசினி. ஜன்னலில் ஈரம் சொட்டுகிற விரிப்பு. மேசையில் ஆளாளுக்கு முன்னால் கோப்பைகள், எல்லாம் கவிழ்த்தபடி. உழுது புல்லைத் தொலைத்த நிலம் மழை பொய்த்ததும் காற்றோடு எழும்பி, வீட்டுக்குள் புகுந்து, சோற்றிலும் மூச்சிலும் விழுந்த காலம். சாப்பிடுகிற நிமிசம் வரைக்கும் பாத்திரத்தை நிமிர்த்தமாட்டார்கள்.

அந்தப் படத்தில் கைக்குழந்தை இல்லை. அதற்குப் பின் கன்சாஸ் படமும் இல்லை.

பெர்னடெற் இளம் பொலிஸ்காரனிடம் ஓடிப்போய், கிழவியை யாராவது விசாரித்தீர்களா என்று கேட்டாள். ஜேர்மன் மொழியில் கேட்டதாகவும், அவள் ஆங்கிலத்தில் ஏதோ புலம்பியதாகவும், பாவம் புத்தி தடுமாறின மனுசி என்று விட்டுவிட்டதாகவும் அவன் சொன்னான்.

ஃப்ராவ் ஏபி படுக்கையறைக் கதிரையில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். பெர்னடெற் அவள் முன்னால் முழங்காலில் இருந்து, காற்று பலமாக அடிக்கிறது என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். கிழவி திரும்பினாள். நீ போதகரின் மனைவியா என்று கேட்டாள். பெர்னடெற் ஓம் என்று பொய் சொன்னாள். கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று பேசத் தொடங்கினாள். உழு, உழு, உன் கோதுமைதான் உலகத்துக்குச் சோறு போடும் என்று சொன்னார்களாம். உழுதார்களாம். பிறகு விலை விழுந்ததாம், வங்கி பூட்டியதாம், ட்ராக்டரைப் பறித்துக்கொண்டு போனார்களாம். இப்போது நிலமே பறக்கிறதாம்.

"குழந்தை எங்கே?" என்று பெர்னடெற் கேட்டாள்.

"நான் துணி கட்டினேன். யாரோ கழற்றிவிட்டார்கள். துணி இல்லாவிட்டால் ரூத் எப்படி மூச்சு விடுவாள்? போனமுறை நான் பிந்திவிட்டேன். இந்தமுறை கீழே கொண்டுபோய்விட்டேன். அங்கே தூசி வராது."

வாசலில் நின்ற சிவமலருக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. ஆனால் பெர்னடெற்றின் முகம் விளங்கியது.

கட்டடத்துக்கு அடியில் இருக்கிற கீழ் அறைகளை முதலிலேயே பார்த்தாகிவிட்டது என்று பொலிஸ்காரன் சொன்னான். ஃப்ராவ் ஏபியின் உருளைக்கிழங்குப் பெட்டிகூடத் திறந்து பார்த்தார்களாம். அதுமட்டுமல்ல, காலையிலிருந்து குழந்தையோடோ பெட்டியோடோ யாரும் வெளியே போகவில்லை என்று கீழ்வீட்டுக்காரி சத்தியம் செய்திருக்கிறாள். அந்த நேரத்தில் போய்வந்தது ஃப்ராவ் ஏபி மட்டும்தான், வழக்கம்போல வெறும் போத்தல்களைத் தெருமுனைத் தொட்டியில் போட.

அப்போது நடைபாதையில் ஏதோ விழுந்து உருண்டது. பேர்சி காலைத் தேய்த்துக்கொண்டு, கிழவியின் சாமான் இழுக்கிற தள்ளுவண்டியைத் தூக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தான். துணிப்பை தைத்த வண்டி. இந்த ஊர்க் கிழவிகள் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். யாரும் ஏறெடுத்துப் பாராத சாமான்.

"அக்கா." அவன் குரலில் பகிடி இல்லை. "சில்லைப் பாருங்கோ."

சில்லுகளில் மஞ்சள் சேறு ஒட்டியிருந்தது. பெர்னடெற் பைக்குள் கையை விட்டாள். வெறும் போத்தல்கள் அப்படியே அடியில் கிடந்தன. அவற்றின் மேல் ஒரு சின்னக் கம்பளிக் காலுறை.

போத்தல் போடப் போனவள் போத்தலைப் போடாமல் வந்திருக்கிறாள்.

"கீழை எண்டு சொன்னா, வீட்டுக்குள்ளாலை போற கீழ் இல்லை" என்று பெர்னடெற் படிகளில் ஓடியபடியே சொன்னாள். "கன்சாஸிலை புயலுக்கு ஒளியிற நிலவறை முற்றத்திலை. வெளியாலை போய்ச் சரிவாலை இறங்கவேணும். படத்திலை பாத்தியே, கல்லறையெண்டு கேட்டாய். இஞ்சை முற்றத்திலை சரிவு எங்கை இருக்கு?"

"சைக்கிள் அறைக்கு" என்றான் பேர்சி, அவளைத் தாண்டி ஓடிக்கொண்டே. சிவமலரும் பொலிஸ்காரனும் பின்னால் ஓடி வந்தார்கள்.

கட்டடத்தின் பின்பக்கத்தில், புல்வெளிக்கு நடுவே, சைக்கிள்களை உருட்டிக்கொண்டு இறங்குகிற சீமெந்துச் சரிவு இருந்தது. அதன் அடியில் சைக்கிள் அறை. பொலிஸ் அங்கேயும் எட்டிப் பார்த்திருந்தது. சைக்கிள்கள்தான் நின்றன. பின்சுவரில் ஒரு பெரிய கொங்கிறீற்றுக் கதவு, இறுக்கிச் சாத்தியபடி. அணுகுண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள இந்த நாட்டுக்காரர் வீடுதோறும் கட்டி வைத்து, குண்டு விழாதபடியால் கிழங்கும் பனிச்சறுக்குப் பலகையும் அடுக்கி வைக்கிற பங்கர். அது எப்போதும் பூட்டித்தான் இருக்கும் என்று பொலிஸ்காரன் நினைத்தான். இல்லை, எப்போதும் திறந்தே கிடக்கும் என்று சொல்லியிருக்கவேண்டிய கட்டடக் காப்பாளர் இராணுவப் பயிற்சிக்குப் போயிருந்தார். அங்கே தேடவேண்டும் என்று சிவமலருக்கும் தோன்றவில்லை. பங்கர் என்ற சொல்லைக் கேட்டாலே ஊர் ஞாபகம் வந்து அந்தப் பக்கம் போகாத பெண் அவள்.

நிலத்தில் காற்று கொண்டுவந்து பரப்பிய மஞ்சள் தூசி. அந்தத் தூசியைக் கதவின் அடி வளைத்து வழித்துக்கொண்டு போன தடம், அரைவட்டமாக, புதிதாக இருந்தது. கதவின் விளிம்பில் வெள்ளைத்துணி ஒன்று பிதுங்கித் தெரிந்தது. பெர்னடெற் தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

"உந்தக் கதவைக் கிழவி எப்பிடியக்கா சாத்தினவ?"

"பிணைச்சல் நல்லதெண்டால் குழந்தைப்பிள்ளையும் தள்ளும். பிடியைத் திருப்பு."

பேர்சி இரும்புப் பிடிகளைத் திருப்பி இழுத்தான். கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. உள்ளே இருட்டு, குளிர், கிழங்கு மணம். அழுகைச் சத்தம் இல்லை. பெர்னடெற்றுக்கு அந்த அமைதி பிடிக்கவே இல்லை. பொலிஸ்காரன் சுவரைத் தடவி லைட்டைப் போட்டான்.

ஒரு மூலையில் அப்பிள் பெட்டி. அதன்மேல் கூடாரம்போல, கிழவி புதிதாக நனைத்த இன்னொரு விரிப்பு. சிவமலர் எல்லோரையும் இடித்துக்கொண்டு போய் விரிப்பைப் பிடுங்கி எறிந்தாள். கிழவியின் குளிர்காலக் கோட்டுக்குள் மைதிலி சுருண்டு கிடந்தாள். உதடு வெளிறியிருந்தது. சிவமலர் வாரியெடுத்து முதுகைத் தேய்த்தாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், மறுபடியும் தேய்த்தாள். பேர்சி சிலுவை போட்டுக்கொண்டான்.

மைதிலி இருமினாள். ஒருமுறை, பிறகு தொடர்ந்து. பிறகு அறை அதிர வீரிட்டு அழுதாள். மருந்து மயக்கம்தான் இவ்வளவு நேரமும் பிள்ளையைத் தூங்க வைத்திருக்கிறது. விழித்திருந்தாலும் அந்தக் கொங்கிறீற்றுக்கு வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. இராத்திரி முழுக்க அந்த ஈரத்தில் கிடந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க பெர்னடெற் விரும்பவில்லை.

வாசலில் ஃப்ராவ் ஏபி வந்து நின்றாள், வீட்டுச் செருப்போடு. மூச்சு வாங்கியது. சிவமலர் அவளைப் பார்த்த பார்வையில் கொலைவெறி இருந்தது. கிழவி அதைக் கவனிக்கவில்லை. அழுகிற குழந்தையின் வாயையே பார்த்தாள். ஆங்கிலத்தில் மெல்ல ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்று சிவமலர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

மொழிபெயர்ப்பது பெர்னடெற்றின் தொழில். ஆனால் சொன்னதோடு மட்டும் நிறுத்தவில்லை.

"இந்தமுறை தூசி உள்ளை வரேல்லை எண்டு சொல்றா. இவவின்ரை பிள்ளை அங்கை தூசியாலைதான் செத்தது, சிவமலர்."

சிவமலர் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். மன்னித்தாள் என்று சொல்லமுடியாது. ஆனால் அந்தப் பார்வை கீழே இறங்கியது.

மேலே வந்ததும் பொலிஸ்காரன் பாசலுக்கு ரெலிபோன் எடுத்தான். ஃப்ராவ் ஏபி குசினி மேசைக்கு முன்னால் இருந்து, அலுமாரியில் நிமிர்ந்து நிற்கிற கோப்பைகளை அந்தரத்தோடு பார்த்தாள். பேர்சி அவற்றை எடுத்து, ஆளாளுக்கு முன்னால் கவிழ்த்து வைத்தான். கிழவி கையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியானாள்.

பொலிஸ்காரன் ரெலிபோனைப் பொத்திக்கொண்டு, தாயார் தன் வாக்குமூலத்தைத் திருத்தவேண்டும் என்றான். தவச்செல்வன் அங்கே விலங்கோடு இருக்கிறானாம். எங்கே புறப்பட்டாய் என்று கேட்டதற்கு, பிள்ளைக்குச் சளி, ஓஸ்டர்முண்டிகனுக்குத் தொப்பி கொண்டுபோகிறேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னானாம். யாரும் நம்பவில்லை.

பெர்னடெற் இதைத் தமிழில் சொல்லி முடிக்குமுன்னரே சிவமலர் அழத் தொடங்கிவிட்டாள். பிள்ளையைத் தொலைத்து நின்றபோது அழுதது வேறு, இது வெட்கம். "என்ரை வாயாலைதான் அவரின்ரை பெயரைச் சொன்னனான்" என்றாள். பெர்னடெற் அவளைத் தேற்றவில்லை. பொலிஸ்காரனிடம் பேசி, அவனை லைனில் எடுத்துத் தரச் சொல்லி, ரெலிபோனை அவள் கையில் கொடுத்தாள்.

மறுமுனையில் தவச்செல்வன் ஹலோ, ஹலோ என்று கூப்பிடுவது எல்லோருக்கும் கேட்டது. சிவமலர் ரெலிபோனை மைதிலியின் வாயருகே பிடித்தாள். பிள்ளை இருமியது.

அந்தப் பக்கம் விலங்கு மேசையில் உரசுகிற சத்தம் கேட்டது.

"சளி இன்னும் இறங்கேல்லையோ?" என்று கேட்டான் அவன்.

"இல்லை" என்றாள் சிவமலர். "நீங்கள் வாங்கோ. தொப்பியைக் கொண்டு வாங்கோ."